ஏழு கீற்றுகளில் ஒரு பெயர்

மட்டாஞ்சேரியின் யூதர் தெரு முடியும் இடத்தில் 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடம் ஒன்று உள்ளது. அதன் தரையில் நீல நிற ஓவியம் தீட்டிய வெண்ணிற ஓடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவை 18ஆம் நூற்றாண்டில் சீன நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவை. சிறிது தொலைவில் கோட்டைக் கொச்சியின் கடலோரத்தில், நீருக்குள் இறங்கியும் ஏறியும் மீனை அள்ளும் பெரிய வலைகளுக்குச் சீனவலை என்று பெயர். கொச்சி வீடுகளின் அடுக்களையில் வறுப்பதற்குச் சீனச்சட்டியும் ஊறுகாய்க்குச் சீனபரணியும் இருக்கும். இவ்வூரில் பிறந்து வளரும் தமிழ்க் குழந்தைகள் இச்சொற்களை மலையாளத்திலேயே முதலில் கேட்டிருப்பார்கள்.

கொச்சிக்கும் சீனத்துக்கும் இருந்த உறவு பழையது. செங் ஹே என்னும் கடற்படைத் தலைவர் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருங்கப்பல்களுடன் மேற்குக் கரைக்கு வந்தார். அவருடைய பயணக் குழுவில் மொழிபெயர்ப்பாளராக இருந்த மா ஹுவான் கொச்சியைப் பற்றித் தம் நூலில் எழுதினார். 1416ஆம் ஆண்டில் சீனப் பேரரசர் கொச்சி மன்னருக்கு முத்திரை ஒன்றை வழங்கி, இந்நாட்டு மலை ஒன்றுக்கென்று கல்வெட்டு வாசகமும் இயற்றித் தந்தார். இவையெல்லாம் சீனத்திலிருந்து கொச்சிக்கு வந்த செய்திகள். கொச்சியிலிருந்து சீனத்துக்குச் சென்று, அந்நாட்டின் எழுத்தைக் கைப்பழக்கமாகக் கற்று, அவ்வெழுத்திலேயே நூல்கள் இயற்றிய ஒருவரின் கதை அவ்வளவாக அறியப்படாதது. அவர் பெயர் மத்தேயோ ரிச்சி.

கொச்சியில் ஓராண்டு

ரிச்சி 1552ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் இத்தாலியின் மாச்செராத்தா என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மருந்து வணிகர். மகன் சட்டம் பயிலவேண்டும் என்று விரும்பி அவரை ரோம் நகருக்கு அனுப்பினார். மகனோ 1571ஆம் ஆண்டில் இயேசு சபையில் சேர்ந்து துறவு வாழ்வை மேற்கொண்டார். ரோமில் கிளாவியஸ் என்னும் கணித அறிஞரிடம் கணிதமும் வானியலும் கற்றார். இன்று உலகம் முழுவதும் வழங்கும் நாட்காட்டியைத் திருத்தி அமைத்த குழுவில் இடம்பெற்றவர் அந்தக் கிளாவியஸ்.

1578ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறிய ரிச்சி, அவ்வாண்டு செப்டம்பர் 13ஆம் நாள் கோவாவை அடைந்தார். அங்கு கடுமையாக நோயுற்றதால், உடல் தேறுவதற்காக 1579ஆம் ஆண்டின் இறுதியில் கொச்சிக்கு அனுப்பப்பட்டார். போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்த கொச்சியில் இயேசு சபையார் நடத்திய கல்லூரியில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1580ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றதும் இங்கேதான். அவ்வாண்டு சூலை 26ஆம் நாள் தம் முதல் திருப்பலியைக் கொச்சியில் நிறைவேற்றினார்.

கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் சில கிடைத்துள்ளன. அவற்றில் ஓர் இளைஞரின் ஏக்கம் தெரிகிறது. பெற்றோரைப் பிரிந்ததைக் காட்டிலும் ரோமில் உடன்பயின்ற நண்பர்களைப் பிரிந்ததே தம்மை வாட்டுவதாக அவர் எழுதினார். பழைய கல்லூரியின் அறைகளையும் அங்கு நடமாடும் நண்பர்களையும் மனக்கண்ணில் காண்பதாகவும் எழுதினார். கடிதம் ஒன்று போய்ச் சேர்ந்து மறுமொழி வருவதற்கு ஆண்டுகள் ஆகும் காலம் அது.

அதே கொச்சியில், அதே 1579ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்தில், தமிழ் வரலாற்றில் குறிக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று நடந்தது. என்ரிக்கே என்ரிக்கஸ் என்னும் பாதிரியார் தமிழாக்கிய 'கிரீசித்தியானி வணக்கம்' என்னும் நூல் இங்கு அச்சேறியது. அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சாகியிருந்தது. இந்திய மொழிகளில் முதன்முதல் அச்சு எழுத்தைக் கண்டது தமிழே. முத்துக்குளித்துறையில் பல்லாண்டுகள் வாழ்ந்து, மீனவ மக்களிடம் தமிழ் கேட்டுக் கற்றவர் என்ரிக்கஸ். மக்களின் மொழியை அறியாதவர் மக்களை அறியார் என்னும் எண்ணம் அன்று இக்கடற்கரையில் வேரூன்றிக்கொண்டிருந்தது.

ரிச்சியுடன் ஒரே ஆண்டில் இந்தியா வந்த மிக்கேலே ருஜ்ஜியேரியும் அவ்வழியில் நடந்தவரே. அவர் முதலில் கொச்சிக்கு வந்து, ஐரோப்பியர் மலபார் மொழி என்று அழைத்த மொழியைக் கற்றார். அக்காலத்தில் தமிழையும் அப்பெயரால் அழைப்பது வழக்கம். ஆறு மாதங்களில் மக்களுடன் அம்மொழியில் உரையாடும் அளவுக்குத் தேறினார். இந்த ஆற்றலைக் கண்டே மேலோர் அவரை 1579ஆம் ஆண்டில் சீனக் கரையில் உள்ள மக்காவ் நகருக்கு அனுப்பினர் என்று கருதுவர்.

ரிச்சி கோவாவுக்குத் திரும்பிச் சமய நூல்களைப் பயின்றார். அங்கு, இந்திய மாணவர்களுக்கு உயர்கல்வியை மறுக்கும் முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. படித்தால் அவர்கள் செருக்குக் கொள்வார்கள் என்பது சிலர் கூறிய காரணம். ரிச்சி அதை ஏற்கவில்லை. 1581ஆம் ஆண்டில் ரோமில் இருந்த சபைத் தலைவருக்கு அம்முடிவைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். முப்பது வயதை எட்டாத ஒருவர், தம் மேலோரின் முடிவை இவ்வாறு எதிர்த்து எழுதுவது எளிய செயல் அன்று.

குதிரை வரைந்த ஆசிரியர்

மக்காவில் ருஜ்ஜியேரிக்கு ஆசிரியர் கிடைப்பது அரிதாயிற்று. சீனமும் போர்த்துக்கீசியமும் ஒருங்கே அறிந்தவர் எவரும் அமையவில்லை. கடைசியில் சீன ஓவியர் ஒருவரை ஆசிரியராகக் கொண்டார். ஆசிரியருக்கு மாணவரின் மொழி தெரியாது. மாணவருக்கு ஆசிரியரின் மொழி தெரியாது. ஓவியர் ஒரு குதிரையை வரைவார். அதன் அருகில் குதிரை என்னும் பொருளுடைய எழுத்தை எழுதுவார். அதன் ஒலியைச் சொல்லிக்காட்டுவார். இப்படியே ஒவ்வொரு பொருளாகப் பாடம் நகர்ந்தது. மீசை நரைக்கும்வரை கற்றாலும் முடியாத வேலை என்று உடனிருந்தோர் எண்ணினர் போலும். அவர்களிடமிருந்து ஊக்கம் கிடைக்கவில்லை. துணைக்கு ரிச்சியை அனுப்பவேண்டும் என்று ருஜ்ஜியேரி வேண்டினார். 1582ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் ரிச்சி மக்காவை அடைந்தார்.

வந்து ஆறு மாதங்கள் கழித்து அவர் எழுதிய கடிதம் ஒன்றில் தாம் கண்ட வியப்பை விரித்துரைத்தார். இம்மொழி கிரேக்கத்தையோ பிற ஐரோப்பிய மொழிகளையோ போன்றதன்று. எத்தனை சொற்களோ அத்தனை எழுத்துகள். ஒரே ஒலி பல பொருள்களைக் குறிக்கும்; குரலை ஏற்றியும் இறக்கியும் சொல்வதாலேயே பொருள் வேறுபடும். பேசும்போதே ஐயம் எழுந்தால் எழுதிக் காட்டித் தெளிவுபடுத்துவர். எழுதுவதும் எழுதுவது போல இல்லை. ஓவியம் தீட்டுவது போலத் தூரிகையால் தீட்டுகின்றனர். இவ்வாறு எழுதிய ரிச்சி, அதன் பயனையும் அப்போதே கண்டுகொண்டார். வேறு வேறு மொழி பேசும் நாட்டினரும் அவ்வெழுத்தைக் கற்றிருந்தால் ஒரே நூலைப் படித்துப் பொருள் கொள்ளலாம் என்பதே அது.

கீற்றும் வரிசையும்

சீன எழுத்தைக் கற்கத் தொடங்குபவர் முதலில் கற்பது எழுத்தை அன்று, கீற்றை. தூரிகையைத் தாளில் வைத்தது முதல் எடுக்கும் வரை விழும் தடம் ஒரு கீற்று. கிடைக்கோடு, நெடுக்குக்கோடு, இடப்புறம் சாய்வது, வலப்புறம் சாய்வது, புள்ளி, கொக்கி எனக் கீற்றுகள் சிலவே. அவற்றை அடுக்கியே பல்லாயிரம் எழுத்துகளும் அமைகின்றன. என்றென்றும் என்னும் பொருளுடைய 'யோங்' என்ற எழுத்தில் அடிப்படை அசைவுகள் எட்டும் அடங்கியிருப்பதால், அதையே மீண்டும் மீண்டும் எழுதிப் பழகுவது சீனரின் தொன்றுதொட்ட வழக்கம்.

எழுத்தின் உருவம் சரியாக வந்தால் போதாது. கீற்றுகள் உரிய வரிசையில் விழவேண்டும். மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக. இரு கோடுகள் குறுக்கிடும்போது கிடைக்கோடு முதலில், நெடுக்குக்கோடு பின்னர். பத்து என்னும் எண்ணின் எழுத்து கூட்டல் குறி போன்றது. அதில் கிடைக்கோட்டை முதலில் இழுக்கவேண்டும். அக்கோட்டின் நடுவிலிருந்து இருபுறமும் இரு கால்கள் சாய்ந்து இறங்கினால் அது மரம். இரண்டு மரங்கள் அருகருகே நின்றால் சோலை. மூன்று மரங்கள் நின்றால் அடர்ந்த காடு. சிறியது என்னும் எழுத்தில் நடுக்கோடு முதலில். அதன்பின் இடமும் வலமும். நாடு என்னும் எழுத்துக்கு நான்கு புறமும் மதில் போன்ற கட்டம் உண்டு. மதிலின் மூன்று பக்கங்களை முதலில் எழுப்பி, உள்ளே இருக்க வேண்டியவற்றை எழுதி, அடிக்கோட்டைக் கடைசியில் இழுத்து மூடவேண்டும். எல்லோரும் வீட்டினுள் வந்த பிறகே கதவைச் சாத்துவது என்று சீன ஆசிரியர்கள் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள்.

வரிசை தவறினால் என்ன என்று கேட்கலாம். மையும் தூரிகையும் அதற்கு விடை சொல்லும். ஒரு கீற்று முடியும் இடத்திலிருந்து அடுத்த கீற்று தொடங்கும் இடத்துக்குக் கை இயல்பாகச் செல்லவேண்டும். அப்போதுதான் எழுத்தின் எடை ஒரு பக்கம் சாயாமல் நிற்கும். விரைந்து எழுதும்போது கீற்றுகள் ஒன்றோடொன்று இணைந்து ஓடும். வரிசைப்படி இணைந்தால் படிப்பவர் அறிந்துகொள்வார். வரிசை மாறி இணைந்தால் அது வேறோர் உருவமாகிவிடும். மற்றொரு பயனும் உண்டு. கீற்றுகளை எண்ணத் தெரிந்தவரே அகராதியில் எழுத்தைத் தேட முடியும். ரிச்சி மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 1615இல் வெளிவந்த பேரகராதி ஒன்று, எழுத்துகளை 214 உறுப்புகளாகப் பகுத்துக் கீற்று எண்ணிக்கையின்படி அடுக்கியது. அந்த 214 உறுப்புகள் இன்றும் வழக்கில் உள்ளன.

சீனச் சிறுவர்கள் இதை மூன்று நான்கு ஆண்டுகளில், செந்நிறத்தில் எழுதிய எழுத்துகளின் மேல் கருமையால் தீட்டித் தீட்டிப் பழகினர். நம் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியர் மணலில் எழுதிய எழுத்தின் மேல் பிள்ளைகள் விரலோட்டியது போன்றதே இது. தமிழ் எழுத்துக்கும் கையின் போக்கு உண்டு. 'அ' என்பதன் சுழியைக் கடைசியிலிருந்து தொடங்கி எழுதும் குழந்தையை எந்த ஆசிரியரும் தடுத்துத் திருத்துவார். ஆனால் ரிச்சிக்கு அப்போது வயது முப்பது. இலத்தீனும் கிரேக்கமும் கணிதமும் கற்பித்த கை அது. இறகுப் பேனாவைச் சாய்த்துப் பிடித்துப் பழகிய அக்கை, தூரிகையைச் செங்குத்தாக நிறுத்திப் பிடிக்கவேண்டியதாயிற்று. மைக்கட்டியைக் கல்லில் நீர்விட்டு உரைக்கவேண்டியதாயிற்று.

லி மாதோ

சீனத்தில் வாழ்வதற்குச் சீனப் பெயர் வேண்டும். அம்மொழி பேசுவோர் நாவுக்கு ரகரம் எளிதில் வராது. எனவே ரிச்சி என்பதன் முதல் அசை 'லி' ஆயிற்று. மத்தேயோ என்பது 'மாதோ' ஆயிற்று. குடும்பப் பெயர் முதலில் வருவது சீன மரபு. ஆகவே அவர் லி மாதோ என்று அழைக்கப்பட்டார். ஒரு நூற்றாண்டு கழித்துத் தமிழகம் வந்த மற்றோர் இத்தாலியரான பெஸ்கி, வீரமாமுனிவர் என்று பெயர் பெற்றதை இதனுடன் ஒப்பிடலாம். மொழிக்குள் நுழைபவரின் பெயரையும் மொழி தன் நாவுக்கேற்பத் திருத்திக்கொள்கிறது.

'லி' என்னும் எழுத்தில் ஏழு கீற்றுகள். இடப்பாகம் கதிர் தாங்கிய பயிர், வலப்பாகம் கத்தி. முதலில் உச்சியில் இடப்புறம் சாயும் சிறு கீற்று. அதன் கீழ் கிடைக்கோடு. அதைக் குறுக்கிட்டு இறங்கும் தண்டு. தண்டின் இருபுறமும் சாயும் இரண்டு. இந்த ஐந்தும் முடிந்ததும் பயிர் நிற்கிறது. பிறகு வலப்பக்கத்தில் குட்டையான நெடுக்குக்கோடு. கடைசியாக, அடியில் கொக்கி வளைந்த நீண்ட கோடு. கத்தி பயிரை அறுத்தால் விளைச்சல் வீடு சேரும். அதனால் இவ்வெழுத்துக்கு நன்மை, ஆதாயம், கூர்மை என்று பொருள்.

அடுத்த எழுத்தான 'மா'வில் பதினான்கு கீற்றுகள், 'தோ'வில் இருபது. ஆக, தம் பெயரை ஒருமுறை எழுதுவதற்கு அவர் நாற்பத்தொரு முறை தூரிகையை வைத்தெடுக்கவேண்டும். அந்த 'மா'வின் வலப்பாகத்தில் நிற்பது வேறெதுவும் அன்று, குதிரை. மக்காவில் ஓவியர் வரைந்து காட்டிய அதே குதிரை, இங்கு ஒலியைத் தரும் உறுப்பாக அமைந்திருக்கிறது. அதன் கால்களைக் குறிக்கும் நான்கு புள்ளிகளையும் இறுதியில், இடமிருந்து வலமாக வைக்கவேண்டும்.

முதிர்ந்த மாணவர்

1583ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ருஜ்ஜியேரியும் ரிச்சியும் சீனத்துக்குள் சென்று சாவோச்சிங் நகரில் குடியேற இசைவு பெற்றனர். அப்போது ஆண்ட மரபுக்கு மிங் என்று பெயர். கதிரவனையும் நிலவையும் அருகருகே எழுதினால் ஒளி என்று பொருள்படும் அவ்வெழுத்து வரும். 1584இல் ரிச்சி உலகப் படம் ஒன்றை வரைந்து, ஊர்ப் பெயர்களைச் சீன எழுத்தில் குறித்தார். நண்பர்கள் இருவரும் போர்த்துக்கீசியம் – சீனம் அகராதி ஒன்றையும் தொகுக்கலாயினர். போர்த்துக்கீசியச் சொல், அதன் சீன ஒலி இலத்தீன் எழுத்தில், அதற்குரிய சீன எழுத்து என மூன்று நிரல்களாக அமைந்தது அது. அச்சேறாமலே கிடந்த அந்தக் கையெழுத்துப் படி 1934ஆம் ஆண்டில்தான் ரோம் நகரின் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது.

அங்கு நிலையாக இருக்க முடியவில்லை. 1589இல் புதிய ஆளுநர் அவர்களுடைய வீட்டைப் பறித்து வெளியேற்றினார். ருஜ்ஜியேரி அதற்கு முந்தைய ஆண்டே ஐரோப்பாவுக்குப் புறப்பட்டுவிட்டிருந்தார். ரிச்சி ஷாவோசோ என்னும் நகருக்குச் சென்றார். அங்கு உடனிருந்த துறவி ஒருவர் 1591இல் நோயால் இறந்தார். அவருக்குப் பின் வந்தவரும் 1593இல் இறந்தார். இடையில் 1592இல் ஓர் இரவு வீட்டுக்குள் கொள்ளையர் புகுந்தனர். தப்புவதற்காகச் சாளரத்தின் வழியே குதித்தபோது ரிச்சியின் கால் பிசகியது. அதன் பிறகு அவர் வாழ்நாள் முழுவதும் சற்றே நொண்டி நடந்தார். இத்தாலிய மொழி தமக்கு மறந்துவருகிறது என்ற வருத்தமும் அவருடைய கடிதங்களில் காணப்படுகிறது. தாய்மொழி தேய்கிறது, புதிய மொழியோ இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது எத்தகையது என்பதைப் புலம்பெயர்ந்தோர் அறிவர்.

பேசவும் ஓரளவு படிக்கவும் அவருக்கு முன்பே வந்திருந்தது. ஆனால் சீனத்தில் கற்றவர் என்று மதிக்கப்பட அது போதாது. அங்கு அரசுப் பணி அனைத்துக்கும் எழுத்துத் தேர்வு உண்டு. ஒருவருடைய எழுத்தைக் கண்டே அவருடைய பயிற்சியையும் பண்பையும் எடைபோட்டனர். ஆகவே நாற்பது வயதைக் கடந்த ரிச்சி, மீண்டும் ஓர் ஆசிரியரை அமர்த்திக்கொண்டார். நாள்தோறும் பாடம் கேட்டார். கன்பூசியஸ் வழிவந்த நான்கு நூல்களைப் பயின்று, அவற்றை இலத்தீனில் ஆக்கினார். கட்டுரைகள் எழுதிப் பழகினார். முதுமையில் பள்ளிச் சிறுவனாகிவிட்டதாகத் தம்மைத் தாமே எள்ளிக்கொண்டார். முதல் பாடத்துக்கும் இந்தப் பாடத்துக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் சென்றிருந்தன.

பயனை 1595ஆம் ஆண்டு காட்டியது. நான்சாங் நகரில் கற்றோர் அவையில் அவர் ஒரு வேடிக்கை செய்தார். தொடர்பில்லாத சீன எழுத்துகளை வரிசையின்றி எழுதித் தரச் சொன்னார். ஒருமுறை படித்தார். பிறகு முதலிலிருந்து கடைசி வரையும், கடைசியிலிருந்து முதல் வரையும் தடையின்றிச் சொல்லிக்காட்டினார். நம் நாட்டு அவதானக் கலையைக் கண்டவர்கள் இதை எளிதில் நினைத்துப் பார்க்கலாம். அவையினர் வியந்தனர். அவ்வாண்டே நட்பைப் பற்றிச் சீன மொழியில் சிறுநூல் ஒன்றை எழுதினார். சமயத்தைப் பேசாமல் நட்பைப் பேசிய அந்நூலே அவருக்கு நண்பர்களைத் தேடித் தந்தது.

அம்மாநில ஆளுநருக்கு மூன்று ஆண்மக்கள். அவர்கள் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தனர். அவர்களுக்காக ரிச்சி 1596இல் நினைவாற்றல் பற்றி ஒரு நூல் எழுதிக் கொடுத்தார். எழுத்தைப் பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் உயிருள்ள காட்சியாக்கி, மனத்தில் கட்டிய மாளிகையின் மூலைகளில் நிறுத்திவைக்கும் முறை அது. எடுத்துக்காட்டாக அவர் தந்த நான்கு காட்சிகளில் ஒன்று, விளைந்த பயிரை அறுக்க அரிவாளுடன் நிற்கும் உழவன். பயிரும் கத்தியும் சேர்ந்த 'லி' என்னும் எழுத்துதான் அது. தம் பெயரின் முதலெழுத்தையே அவர் பாடமாக்கிவிட்டார்! மற்றொன்று குழந்தையை ஏந்தி நிற்கும் பெண். பெண்ணும் குழந்தையும் சேர்ந்தால் நல்லது என்னும் எழுத்து. ஆளுநரின் மூத்த மகன் நூலைப் படித்துவிட்டு, முறைகள் சரியானவையே, ஆனால் அவற்றைப் பயன்படுத்துவதற்கே மிகச் சிறந்த நினைவாற்றல் வேண்டியிருக்கிறதே என்று நெருங்கியவரிடம் சொன்னானாம். இச்செய்தியை மறைக்காமல் எழுதிவைத்தவர் ரிச்சியே. அந்த மாணவன் கூறியதிலும் உண்மை இருக்கிறது. மனத்தில் காட்சியை நிறுத்துவது ஒன்று. கையில் கீற்று படிவது வேறொன்று. இரண்டாவதற்குக் குறுக்குவழி இல்லை என்பதை ரிச்சியின் பன்னிரண்டு ஆண்டுகளே காட்டும்.

1599இல் நான்சிங் நகரில் லி ட்சி என்னும் புகழ்பெற்ற அறிஞர் அவரைச் சந்தித்தார். இவர் எவரையும் எளிதில் பாராட்டாதவர். மேற்கிலிருந்து வந்த இம்மனிதர் நம் மொழியைப் பேசுகிறார், நம் எழுத்தை எழுதுகிறார், நம் முறைப்படி நடக்கிறார் என்று அவர் தம் நண்பருக்குக் கடிதம் எழுதினார். எதற்காக இங்கு வந்திருக்கிறார் என்பதுதான் தமக்கு விளங்கவில்லை என்றும் அதே கடிதத்தில் சேர்த்துக்கொண்டார். கிறித்துவ சமயத்தைப் பரப்பவே ரிச்சி வந்தார். கன்பூசிய நூல்களுக்குத் தந்த பொறுமையான உழைப்பை அவர் புத்த நூல்களுக்குத் தரவில்லை. அச்சமயத்தைக் கடுமையாகவே பேசினார். இது அவர் வாழ்வில் உள்ள ஒரு குறையே.

தலைநகரில்

1601ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் ரிச்சி பெய்ஜிங் நகருக்குள் நுழைந்தார். மணியடிக்கும் கடிகாரங்களையும் ஓவியங்களையும் பேரரசர் வான்லிக்குக் காணிக்கையாக அளித்தார். கடிகாரங்கள் பேரரசருக்கு மிகவும் பிடித்துப்போயின. ஆனால் அவர் ரிச்சியை ஒருமுறையும் நேரில் காணவில்லை. வெற்று அரியணைக்கு முன்னர் வணங்கிவிட்டு ரிச்சி திரும்பினார்.

அவ்வூரில் அவர் கற்றவரும் கற்பிப்பவரும் ஆனார். 1602இல் ஆறு பெரிய தாள்களில் அச்சான அவருடைய உலகப் படத்தில் இந்தியாவும் இத்தாலியும் சீன எழுத்திலேயே பெயர் தாங்கி நின்றன. 1606இல், மைக்கட்டி செய்யும் கலைஞர் ஒருவரின் நூலுக்காகச் சீன வாசகங்களை எழுதி, ஒவ்வோர் எழுத்தின் அருகிலும் அதன் ஒலியை இலத்தீன் எழுத்தில் குறித்துக் கொடுத்தார். குதிரைப் படத்தைக் கொண்டு சீன எழுத்தைக் கற்ற வழியில் வந்தவர், இப்போது சீனருக்குத் தம் நாட்டு எழுத்தைக் காட்டினார்.

சூ குவாங்சி என்னும் உயர் அலுவலர் அவருக்கு நண்பரானார். இருவரும் சேர்ந்து யூக்ளிட் இயற்றிய வடிவியல் நூலின் முதல் ஆறு பகுதிகளைச் சீனத்தில் ஆக்கினர். ரிச்சி வாயால் பொருளுரைப்பார். சூ தூரிகையால் எழுதுவார். சரியான சொல் கிடைக்கும்வரை திருத்தித் திருத்தி எழுதுவர். 1607இல் வெளிவந்த அந்நூலில் அவர்கள் அமைத்த கலைச்சொற்கள் பலவற்றைச் சீனப் பள்ளி மாணவர்கள் இன்றும் பயன்படுத்துகின்றனர். மூலத்தைக் கிளாவியஸ் கற்பித்தபடி அறிந்தவர் ரிச்சி; சீனச் சொல்லின் நுட்பம் அறிந்தவர் சூ. அறிந்ததையும் அறியாததையும் உணர்ந்து பணியைப் பகிர்ந்துகொண்டதால்தான் அந்நூல் நிலைத்தது.

1610ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் தம் 57ஆம் வயதில் ரிச்சி பெய்ஜிங்கில் காலமானார். சீனத்தில் இறக்கும் அயல்நாட்டாரை மக்காவுக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்வதே அதுவரை வழக்கம். நண்பர்கள் பேரரசருக்கு விண்ணப்பம் எழுதினர். பேரரசர் நகரின் மேற்கு மதிலுக்கு வெளியே நிலம் வழங்கினார்.

கொச்சியில் அவர் பாடம் நடத்திய கல்லூரி இன்று இல்லை. 1663இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபின் போர்த்துக்கீசியர் எழுப்பிய பல கட்டடங்கள் அழிந்துபோயின. பெய்ஜிங்கில் உள்ள கல்லறையும் 1900இல் ஒருமுறையும் 1966இல் மறுமுறையும் சிதைக்கப்பட்டுப் பின்னர் சீரமைக்கப்பட்டது. கல்லறைக் கல்லின் ஒரு பக்கத்தில் சீனமும் மறுபக்கத்தில் இலத்தீனும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் மேலிருந்து கீழாக இறங்கும் பெரிய எழுத்துகளின் வரிசையில், பயிரும் கத்தியுமாக, ஏழு கீற்றுகளில் அமைந்த 'லி' நிற்கிறது.